ஏழு நூலில் ஒரு மாப்பிள்ளை

"சீர்செனத்தி ஒண்ணும் வேண்டாம்ணே. எங்க பயலுக்கு ஒரு கோட்டு மட்டும் தச்சுக் குடுத்துருங்க, போதும்" என்றாள் இருதயம்மாள்.

சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டாள். தேவாரம் ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. தாய் தகப்பன் இல்லாத பிலவேந்திரனை எடுத்து வளர்த்த அத்தை. அவளுக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் இஷ்டமில்லை. சின்னமனூர்ப் பக்கம் நஞ்சையோடு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைதான், கட்டினால் அங்கி தைக்கிறவர் மகளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். முடியாது என்று வாய்விட்டுச் சொன்னால் வளர்த்த பிள்ளை முறைத்துக்கொள்ளும். அதனால் எங்களால் முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டாள். கைகாரி!

"பெரியாத்துல அணை கட்டுற துரைமார்கிட்ட ரைட்டரா இருக்கான்ல, கலியாணம் முடிஞ்ச திங்கக்கெழமையே பெரிய ஆபீசுக்கு மாத்துறாக. அங்கன வேட்டியோட போய் நின்னா ஒருத்தனும் மதிக்கமாட்டான். கோட்டு, கால்சட்டை, உள்ள வெள்ளச் சட்டை. அதப் போட்டுக்கிட்டுத்தேன் எங்க பய கோயிலுக்குள்ள வருவான். கோட்டு இல்லையா, கலியாணமும் இல்ல."

கதவுக்குப் பின்னால் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, எங்கள் வேதக்கோயில் மிக்கேல் சம்மனசு திருநாளில். சப்பரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர், எங்கள் வீட்டு வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாரத்தோடு ஒரு மனுஷன் சிரிக்க முடியுமா? அவர் சிரித்தார். அன்றைக்கே என் மனசு போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு எவனுக்குக் கட்டிக்கொடுத்தாலும் கிணற்றில்தான் விழ வேண்டும் என்று நான் இருந்தேன்.

"தச்சுருவோம் தங்கச்சி" என்றார் என் அய்யா, இஞ்ஞாசிமுத்து. கொஞ்சங்கூட யோசிக்கவில்லை.

வந்தவர்களின் வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், என் அம்மா மதலேனாள் பிடித்துக்கொண்டாள்.

"கோட்ட நீங்க கிட்டத்துல பாத்திருக்கீகளா?"

"ஏன், குதிரையில போறப்ப பாத்திருக்கேன்."

"யாரு, நீங்க குதிரையில போறப்பவா?"

"துரை போறப்ப, மூதேவி!"

அய்யா மனுஷர்களுக்குத் துணி தைத்தவரில்லை. மேகமலை அடிவாரத்திலிருந்து கம்பம் வரைக்கும் எங்கள் வேதக்கோயில்களில் எந்தத் திருநாள் என்றாலும் மரத்தில் செதுக்கிய சுரூபங்களுக்கு உடுப்புத் தைப்பது அவர்தான். மாதாவுக்கு நீலப் பட்டு, செபஸ்தியாருக்குச் சிவப்பு, சம்மனசுக்கு ஜரிகை. சப்பரத்தில் ஏறி நிற்கிற சுரூபத்தின் மேல் ஒரு சுருக்கம், ஒரு மடிப்பு இருக்காது. தோளிலிருந்து பாதம் வரைக்கும் வழித்துவிட்டதுபோல் விழும். அதில் அவருக்கு மண்டை கொள்ளாத கர்வம். எனக்குப் பத்து வயதிலிருந்து அவரோடு உட்கார்ந்து தைத்துப் பழக்கம். பெண்பிள்ளை தைத்தாள் என்று வெளியே சொல்லமாட்டார். வீட்டுக்குள், "உன் தையல் என் தையலவிடக் கெட்டிடி ஆத்தா" என்பார்.

மறுநாளே தேவாரம் போய் அளவெடுத்து வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, அளவு நாடாவும் கிடையாது. ஓர் அளவுக்கு ஒரு நூல், தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு, முடியும் இடத்தில் ஒரு முடிச்சு. ஏழு நூலைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மார்புக்குச் சிவப்பு, கைநீளத்துக்குப் பச்சை, தோளுக்கு மஞ்சள் என்று நிறம் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"மாப்பிள்ள எப்பிடி நின்னாரு தெரியுமா? கையத் தொங்கப்போட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு, அசையாம நின்னாருடி! நம்ம செபஸ்தியார் சுரூபம்கூட அம்புட்டு நேரா நிக்காது" என்று ஒரே புகழ்ச்சி.

அன்றைக்கு அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து அந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் நூலைக் கதவில் வைத்து இழுத்தேன். ஆத்தாடி, இம்புட்டு அகலமா தோள்! சிவப்பு நூலை என்னைச் சுற்றிப் போட்டால் ஒன்றரைச் சுற்று வந்தது. ஊரில் எந்தப் பெண்ணுக்காவது தாலி ஏறுமுன் புருஷனின் மார்பளவு தெரியுமா? எனக்குத் தெரியும். அந்தக் கர்வத்தை ஒருத்தியிடமும் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு!

துணி உத்தமபாளையத்தில் மீரான் மைதீன் ராவுத்தர் கடையில் வாங்கியது. கறுப்புக் கம்பளித் துணி. தொட்டால் கனம் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் ராவுத்தர் பெட்டியைத் திறந்து, குதிரை வியாபாரத்துக்குப் போன காலத்தில் தாம் போட்ட கால்சட்டை ஒன்றை மாதிரிக்கு எடுத்துக் கொடுத்தார். "கோட்டு நம்மகிட்ட இல்லையே இஞ்ஞாசி. அதுக்கு நீ துரையத்தேன் பாக்கணும்" என்றார்.

அய்யா துரையைப் பார்த்தார். உத்தமபாளையம் பங்களா எதிரில் புளியமரத்தடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் துரையின் முதுகைப் பார்த்தார். இரண்டாம் நாள் முன்பக்கத்தைப் பார்த்தார். துரை இரண்டு நாளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். மூன்றாம் நாள் பங்களாக் காவல்காரன் திருடன் என்று சொல்லித் துரத்திவிட்டான். அதற்குள் காலர் எப்படி மடிகிறது, பொத்தான் எத்தனை, பை எங்கே என்று எல்லாம் அய்யாவின் தலையில் ஏறிவிட்டது. வந்ததும் கரித்துண்டை எடுத்துத் தரையில் கோட்டு வரைந்தார். நானும் அம்மாவும் அதைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தோம்.

பதினெட்டு நாள் தைத்தோம். கோயிலில் ஞாயிறுதோறும் எங்கள் கலியாண ஓலை வாசித்தார்கள். இன்னார் மகன் பிலவேந்திரனுக்கும் இன்னார் மகள் ஞானசெல்விக்கும் என்று உபதேசியார் வாசிக்கும்போது, அந்த மகனின் இடது கையை வீட்டில் பாதி தைத்து வைத்திருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வரும்.

கையைக் கோட்டில் பொருத்துகிற வேலையை அய்யா என்னிடம் கொடுத்தார். "அக்குள்ல ஒரு விரக்கடைத் துணிகூட மிஞ்சக் கூடாது ஆத்தா. சுருக்கம் அங்கனதேன் பெறக்கும். ஒட்டப் புடிச்சு, மெழுகு நூல ரெட்டையாப் போட்டு அடி." நான் அடித்தேன். என்னுடைய புருஷன் போடப்போகிற கோட்டு அல்லவா! ஒரு தையலுக்கு மூன்று தையல் போட்டு, கடைசி முடிச்சை அக்குளுக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தேன்.

வெள்ளைச் சட்டைக்கு அய்யா ஒரு வழி வைத்திருந்தார். சுரூபத்துக்கு உள்சட்டை முழுதாகத் தைப்பதில்லை. கழுத்தில் தெரிகிற துண்டும் மணிக்கட்டில் தெரிகிற துண்டும் போதும், அதை அங்கியோடு சேர்த்துத் தைத்துவிடுவோம். கோட்டுக்கும் அப்படியே செய்தார். கஞ்சி போட்ட வெள்ளை நெஞ்சுத்துண்டு ஒன்று, மணிக்கட்டுக்கு இரண்டு பட்டை. எல்லாம் கோட்டோடு சேர்ந்தது. "உள்ள யாரு பாக்கப் போறா?" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

போட்டுப் பார்த்துச் சரிசெய்கிற வழக்கமும் எங்களிடம் இல்லை. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் முன்னால் அங்கியைச் சுரூபத்தின் மேல் வைக்கவே கூடாது. கலியாண உடுப்பும் மந்திரிக்கிற உடுப்புத்தான், அதனால் மாப்பிள்ளைக்கும் அதே சட்டம் என்று அய்யா முடிவு கட்டிவிட்டார். நான் மட்டும் யாருமில்லாத நேரம் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். அது தொளதொளவென்று என் முழங்கால்வரை தொங்கியது. கையை வீசினேன், சுற்றினேன், ஒரு குறையும் தெரியவில்லை. கோட்டின் முன்பக்கத்தைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றேன். வேறென்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

கலியாணம் புதன்கிழமை காலை. மாப்பிள்ளை முந்தின நாள்தான் அணை கட்டுகிற மலையிலிருந்து இறங்கினார். காலையில் சாமியார் கோட்டை மந்திரித்துக் கொடுக்க, இரண்டு தோழர்கள் சேர்ந்து அதை அவருக்கு மாட்டியிருக்கிறார்கள். "கை மேல ஏறலையேப்பா" என்று அவர் சொன்னதற்கு, "கோட்டுன்னா அப்பிடித்தேன். துரைமாரு பின்ன எதுக்கு வெறப்பா நிக்கிறாகன்னு நெனச்ச?" என்றானாம் ஒருத்தன். இவரும் சரி என்று நம்பிவிட்டார். பெரிய ரைட்டர்!

நான் முக்காட்டோடு பீடத்துக்கு முன்னால் நின்றிருந்தேன். வாசலில் பறையும் கொம்பும் முழங்கின. திடீரென்று பெண்கள் பக்கத்திலிருந்து "யாத்தே!" என்று ஒரு சத்தம். முக்காட்டுக்குள்ளிருந்து ஓரக்கண்ணால் பார்த்தேன்.

என்னத்தைச் சொல்ல! கறுப்புக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. தோள் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டித் தொங்க, நெஞ்சை நிமிர்த்தி அவர் நடந்து வந்தார். பெஞ்சில் ஏறி நின்று எட்டிப் பார்க்கிறார்கள் சனங்கள். "துரைடி, அசல் துரைடி" என்று ஒருத்தி சொன்னாள். இருதயம்மாள்கூட வெற்றிலை மெல்ல மறந்துபோனாள். ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் அய்யா மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தைத்த மனுஷன் என் பக்கத்தில் வந்து நிற்கிறான்!

சாமியார் பிரெஞ்சு தேசத்துக்காரர். புத்தகத் தமிழில் பேசுவார். சம்மதம் கேட்டார், இருவரும் சொன்னோம். லத்தீனில் செபம் சொல்லித் தாலியைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து, தட்டோடு நீட்டினார். மாப்பிள்ளை எடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தாலி வரவில்லை.

கொட்டு நின்றுவிட்டது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கைகள் ஒரு சாண் ஏறித் தொப்புள் அளவிலேயே நின்றுவிட்டன. முகத்தில் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். அதே சாண்தான். தாலிக்கயிறு அவர் விரலில் தொங்குகிறது.

"கட்டு, மகனே" என்றார் சாமியார்.

இன்னொரு தரம் முக்கினார். ம்ஹூம்.

"ஏன் நிற்கிறாய்? சம்மதம் என்று இப்போதுதானே சொன்னாய்? மனம் மாறிவிட்டதா?"

அவர் என் அய்யா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மாமனார் தைத்துக்கொடுத்த கோட்டு கையைத் தூக்கவிடவில்லை என்று நிறைந்த கோயிலில் எப்படிச் சொல்வார்? அந்தத் தயக்கம் போதுமே இருதயம்மாளுக்கு. எழுந்துவிட்டாள்.

"தாலி கழுத்துக்கு ஏறமாட்டேங்குது பாத்தீகளா! மாதாவுக்கே பிடிக்கல. நிப்பாட்டுங்க சாமி! தாலி ஏறாம என்ன கலியாணம்? நாங்க எங்க பயலக் கூட்டிக்கிட்டுப் போறோம்!"

"கோட்டக் கழட்டிட்டுக் கட்டச் சொல்லுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கழற்றுவதாம்! கழற்றினால் கோட்டோடு சேர்ந்து சட்டையும் போய்விடும். பீடத்துக்கு முன்னால் வெற்றுடம்போடு நிற்கிறவனுக்குச் சாமியார் கலியாணம் முடித்து வைப்பாரா?

"சித்த குனிஞ்சுக்க ஆத்தா" என்று அம்மா பின்னாலிருந்து கெஞ்சினாள். தொப்புளுக்குக் குனிவதென்றால் குந்தித்தான் உட்கார வேண்டும். கலியாணப் பெண் தவளை மாதிரிக் குந்தித் தாலி வாங்கினாள் என்று காலத்துக்கும் சொல்வார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இருதயம்மாள் மேல் இல்லை, அந்தத் தையல் மேல். எவள் போட்டாள் அதை? நான்தானே போட்டேன். மூன்று தையல், இரட்டை நூல், மெழுகு வேறு!

அதை அவிழ்க்க என்னால் முடியும். ஆனால் அய்யா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மீசையைத் தடவிய கை அப்படியே நின்றுவிட்டது. சுருக்கமில்லாத கைவேலை என்று ஊர் கொண்டாடிய மனுஷனின் கோட்டை அத்தனை பேர் முன்னால் அவர் மகளே பிரிப்பதா? பிரிக்காவிட்டால் இந்த ஆள் தேவாரத்துக்குத் திரும்பிப் போய்விடுவார். சின்னமனூர் நஞ்சை காத்துக்கொண்டிருக்கிறது.

'மன்னிச்சுக்க அய்யா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முக்காட்டைப் பின்னால் தள்ளினேன்.

"அசையாம நில்லுங்க" என்றேன் அவரிடம். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

அவருடைய வலது கைக்கடியில் விரலை விட்டு என் முடிச்சைத் தேடினேன். இருந்தது. நகத்தால் கிள்ளினேன், மெழுகு நூல் வழுக்கிற்று. கத்திரிக்கு எங்கே போவது? தலையை அவர் விலாவோடு சாய்த்து, அக்குளில் முகத்தைப் புதைத்து, முடிச்சைப் பல்லால் கடித்தேன்.

"யேசுவே!" என்று கோயில் மொத்தமும் அலறியது. தாலி ஏறாத பெண், நடுக்கோயிலில், பீடத்துக்கு முன்னால்! சாமியார் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். என் மூக்கில் புதுக் கம்பளி வாசமும் அவருடைய வியர்வை வாசமும் ஏறியது. அவருடைய இதயம் என் காதுக்குள் குதித்தது. நூல் அறுந்தது. விரலை மடக்கி ஓர் இழுப்பு இழுத்தேன். மூன்று தையலும் 'டர்ர்' என்று பிரிந்தன.

"அந்தக் கை" என்றேன். மனுஷன் சொன்னதும் இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டாவது முடிச்சு சுலபமாக வந்துவிட்டது.

வாயில் ஒட்டிய நூலைத் துப்பிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போலத் தலையைக் குனிந்தேன். இந்தத் தடவை தாலி வந்தது. கைகள் என் கழுத்தைச் சுற்றிப் பின்னால் போயின. மூன்று முடிச்சையும் நாத்தனார் முறைக்காரியிடம் விடாமல் அவரே போட்டார். போடும்போது அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். சப்பரத்துக்கடியில் கண்டேனே, அதே ஆள்தான்! மணி அடித்தது. எனக்கு அங்கேயே குலவை போட வேண்டும்போல் இருந்தது.

பூசை முடிந்து வெளியே திரும்பினோம். அப்போதுதான் அய்யா ஞாபகம் வந்து அவரைத் தேடினேன். வாசலில் தீர்த்தத் தொட்டி பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரைக் கடந்து போகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். இருதயம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்: "மரத்துக்குத் தைக்கிறவருகிட்ட மனுஷனுக்குத் தைக்கச் சொன்னது என் தப்புத்தேன்."

எனக்கு அவளைக் கடித்துவிடலாம்போல் வந்தது.

அவர் என் கையை விட்டுவிட்டு அய்யாவின் முன்னால் போய் நின்றார். கையைக் கீழேயே வைத்திருந்தால் கிழிசல் தெரியாது. நெஞ்சளவில் குவித்துக் கும்பிட்டாலும் மரியாதைக்குப் போதும். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே, கோயில் கோபுரத்தைக் கும்பிடுகிற உயரத்துக்குத் தூக்கினார். இரண்டு பக்கமும் கோட்டு ஆவென்று பிளந்து, விலா எலும்பு வரைக்கும் ஊருக்கே தெரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் கையை இறக்கவே இல்லை.

"மாமா, கோட்டு இப்பத்தேன் எனக்கு அளவா இருக்கு" என்றார், இருதயம்மாளுக்கும் கேட்கிற மாதிரி. "திங்கக்கெழம இதப் போட்டுக்கிட்டுத்தேன் ஆபீசுக்குப் போவேன்."

அய்யா தலைப்பாகையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். தூக்கியிருந்த கையில் ஒன்றை எட்டிப் பிடித்தார். பிடித்த கையை விடாமல், மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பந்தலுக்கு முதல் ஆளாக நடந்தார்.